பிடிபட்டவர்களின் வம்சாவளி

1656. இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பத்தாவியாவில் ஓர் அடிமைப் பெண், தன்னை அடிக்க வந்த காதலனைத் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்துபோனான். டச்சுக் கம்பெனியின் நீதிமன்றம் முதலில் அவளுக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு அதைக் குறைத்து, ஆப்பிரிக்காவின் தென்முனையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கேப் குடியிருப்புக்கு நாடுகடத்தியது. மறு ஆண்டு அவள் அங்கே கரையிறங்கினாள். ஏடுகளில் அவள் பெயர் காத்ரின் வான் பாலியகட்டா. பாலியகட்டா வேறெதுவும் இல்லை, பொன்னேரியிலிருந்து பஸ் போகும் நம் பழவேற்காடுதான்.

கேப்பில் அவள் கம்பெனித் தலைவர் வீட்டுத் துணி வெளுத்தாள். ஒரு ஜெர்மன் படைவீரனுக்கு அவள் பெற்ற மகனுக்கு 1669-ல் ஞானஸ்நானம் ஆனது. பெயர் கிறிஸ்டோஃபெல் ஸ்நைமன். பிறகு அவளுக்கு விடுதலை கிடைத்தது. 1671-ல், தன்னைப் போலவே அடிமையாக இருந்து விடுபட்ட வங்காளத்து அந்தோனி என்பவரை மணந்துகொண்டாள். மகன் 1690-ல் மார்கரீத் தெரேஸ் த சவோய் என்ற பெண்ணைக் கட்டினான். அவள் 1688-ல் மதக் கொடுமைக்குத் தப்பி வந்த பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் குடும்பத்தைச் சேர்ந்தவள். டிராகன்ஸ்டைன் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்து வாழ்ந்தார்கள். அவன் இறந்தபின் அவள் ஹென்னிங் வில்ஜூன் என்பவரை மறுமணம் செய்தாள். ஸ்நைமன் இன்று தென்னாப்பிரிக்காவில் சாதாரணமாகக் கேட்கும் ஆப்பிரிக்கானர் குடும்பப் பெயர். 1950-ல் இனவாரி மக்கள் பதிவுச் சட்டம் வந்தபோது அந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் பட்டியலில்தான் ஏறியிருப்பார்கள். அவர்களுடைய மூதாய் பழவேற்காட்டுக்காரி என்பதை மேன்செல் அப்ஹம் போன்ற ஆய்வாளர்கள் ஒரு தீர்ப்பு, ஒரு ஞானஸ்நானம், சில கல்யாணப் பதிவுகள் என்று கோத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அதே 1656-ல் பொன்னேரிப் பக்கம் சொந்த ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த ஒரு குடியானவரின் பெயரை இன்று எவராலும் சொல்ல முடியாது. அவர் யாருக்கும் அடிமை இல்லை, எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை, எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. அதனாலேயே அவர் ஏட்டில் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடக்கு மூலையில் ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடப் புறப்படுபவர் முதலில் ஏற்க வேண்டிய உண்மை இது. யாரையாவது ஓர் அதிகாரம் பிடித்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சொத்துக்கு அவர் உரிமை கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வெளியே வாழ்ந்தவரின் கல்யாணமும் சாவும் ஊராருக்குத் தெரிந்திருந்தன, காகிதத்துக்குத் தெரியவில்லை.

பழவேற்காட்டில் பிடித்தவர்களின் ஏடும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை கோரமண்டல் கரை முழுவதையும் அங்கிருந்தே நிர்வகித்தார்கள். கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. எதிரேயுள்ள கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பிழைத்திருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே குடும்பச் சின்னமும் பெயரும் பதவியும் நாளும் செதுக்கிய கருங்கல் பலகைகள். அலெக்சாண்டர் ரே 1897-லும், ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-லும் வெளியிட்ட நூல்கள் இத்தகைய கல்வெட்டுகளைத் தொகுத்தவை. ஒரு நெதர்லாந்துக் குடும்பம் தன் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டனை இங்கே தேடினால் கல்லைப் பார்த்துவிட்டு ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். கம்பெனியின் கப்பல் சம்பள ஏடுகளில் 1700 முதல் 1794 வரை வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரின் சொந்த ஊரும், இறந்திருந்தால் இறந்த நாளும் உண்டு. காரணம் பாசம் இல்லை. பாக்கிச் சம்பளத்தை யாரிடம் கொடுப்பது என்ற கணக்கு.

அந்தப் பலகைகளைச் செதுக்கிய கல்தச்சர்கள் இந்தக் கரைக்காரர்கள். எழுத்து தெரியாத ஒரு மொழியில், எழுத்துக்கு எழுத்து பிசகாமல் அடுத்தவர் குடும்ப வரலாற்றை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் ஒரு பலகையிலும் இல்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் என்னை அதிகம் உறுத்துவது எலும்புக்கூடுகளைவிட இதுதான்.

கத்தோலிக்க மாதா கோயில்களின் ஏடுகள் வேறு வகை. திருமணத்தைப் பதிந்துவைக்க வேண்டும் என்று 1563-ல் டிரென்ட் சங்கம் விதித்தது. போர்த்துகீசியர் போன இடமெல்லாம் அந்த விதியும் போனது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று ஏடுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதால், கிறிஸ்தவ மீனவக் குடும்பம் ஒன்று ஐந்தாறு தலைமுறை பின்னோக்கிப் போய்விடக்கூடும். பக்கத்துக் குப்பத்து இந்து மீனவர் அப்படிப் போக முடியாது. ஆங்கிலேயத் திருச்சபையின் சென்னைப் பதிவுகள் 1698 முதல் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. முஸ்லிம் குடும்பங்களுக்கு நிக்காஹ் தப்தர் என்ற திருமணப் பதிவேடு இருக்கிறது. அதில் மஹர் தொகை, வலி எனப்படும் பெண்ணின் பாதுகாவலர், சாட்சிகள் பெயர் எல்லாம் வருவதால் இரண்டு வீடுகளின் உறவு ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும்.

ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால்தான் நம் ஏட்டின் வறுமை புரியும். விக்டோரியாவில் 1853-லும், நியூ சவுத் வேல்ஸில் 1856-லும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதியத் தொடங்கியது. ஆடு மேய்க்கப் போன ஓர் ஐரிஷ்காரரின் இறப்புச் சான்றில்கூட அவருடைய தாய் தந்தை யார், எந்த ஊரில் எந்த வயதில் யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார், காலனிக்கு வந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதெல்லாம் வரும். சாவுச் சான்று ஒன்று கையில் இருந்தால் அதிலிருந்து கல்யாணத்துக்கும், கல்யாணத்திலிருந்து பிறந்த ஊருக்கும் பின்னோக்கி நடந்துவிடலாம். அங்கேயும் பூர்வகுடிகளின் கதை வேறு. தங்கள் பாட்டிமாரைத் தேடுபவர்கள் அந்த மக்களைக் கட்டுப்படுத்த அமைத்த ‘பாதுகாப்பு’ வாரியங்களின் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மீண்டும் பிடித்தவர் எழுதிய ஏடு.

சென்னை மாகாணக் கிராமங்களில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் 1860-களிலிருந்து பிறப்பு இறப்புக் கணக்கு எழுதி மேலே அனுப்பினார்கள். 1899-ல் மாகாணத்துக்குத் தனிச்சட்டம் வந்தது, 1969-ல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம். காலராவும் அம்மையும் எங்கே பரவுகின்றன என்று அறியத் தொடங்கிய கணக்கு என்பதால் நோயின் பெயருக்குக் கிடைத்த மதிப்பு மனிதரின் பெயருக்குக் கிடைக்கவில்லை. பிறப்பு ஏட்டில் வெறும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்றே வரிசையாகப் போகும். இறப்பு ஏட்டில் தகப்பன் பெயரோ கணவன் பெயரோ உண்டு. யாரை எப்போது மணந்தார், பிள்ளைகள் எத்தனை என்பது இல்லை. 1980-ல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிந்து, பிறகு வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். கர்ணம் வீட்டுப் பரணில் கிடந்த கட்டுகளில் எவ்வளவு தாலுகாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

இந்த ஏடுகளைப் படிக்கவும் ஒரு சூட்சுமம் வேண்டும். சட்டப்படி நிகழ்வு நடந்த இடத்தில்தான் பதிவு. கும்மிடிப்பூண்டிக்காரர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிர்விட்டால் அவர் சாவு சென்னை மாநகராட்சிப் பதிவில் இருக்கும், ஊர் ஏட்டில் இராது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மூத்த பிள்ளையின் பிறப்பு தகப்பன் ஊரில் கிடைக்காது. அது ஆரணியிலோ ஊத்துக்கோட்டையிலோ சூலூர்ப்பேட்டையிலோ கிடைக்கும். தேடுபவர்கள் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு இது வரமாகத்தான் படுகிறது. கல்யாணத்துக்கு ஏடே இல்லாத காலத்தில், மருமகள் எந்த ஊர்ப் பெண் என்பதை அந்தத் தலைப்பிள்ளையின் பிறப்புப் பதிவு ஒன்றுதான் சொல்கிறது.

எல்லைகளும் நகர்ந்தன. திருத்தணிக்காரர்கள் 1960-க்கு முந்தைய காகிதங்களுக்குச் சித்தூரையும், 1911-க்கு முந்தையவற்றுக்கு வட ஆற்காட்டையும் பார்க்க வேண்டும். அதே 1960-ல் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் சில செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போயின. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான். அதற்கு முந்தைய கோப்பின் முதுகில் செங்கல்பட்டு என்றிருக்கும்.

பெயரும் கைவிடும். தமிழில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே முனுசாமி ஏழுமலைக்கு மகனாகவும் தகப்பனாகவும் நிற்பார். நூறு வருஷ இடைவெளியில் வரும் இரண்டு ஏழுமலைகளை ஒருவராக்கி மரம் வரைந்தவர்கள் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளுக்கு இந்தச் சங்கடம் குறைவு. அவர்களுக்கு இன்டிபேரு என்ற வீட்டுப் பெயர் இருக்கிறது, கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே அதுதான்.

ஏட்டுக்கு வெளியே நமக்கு இருந்த பதிவேடு தீட்டு. ஒரு சாவு விழுந்தால் எந்தெந்த வீட்டுக்குத் தீட்டு என்பதை ஊர்க் கிழவி நிமிடத்தில் சொல்வாள். அந்தப் பட்டியல்தான் பங்காளி வகையறா. பதினாறாம் நாள் காரியத்தில் மாமன் மச்சான் முறைக்காரர் யார் யாருக்கு என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் சம்பந்தி வகையறாவும் தெரிந்துவிடும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கத்தால் இரண்டு மூன்று வீடுகள் தலைமுறைக் கணக்கில் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றி வரும். ஒரு வீட்டின் கதை அறுந்துபோனால் எதிர்வீட்டின் கதையிலிருந்து இழை எடுத்துக்கொள்ளலாம். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரிலிருந்து எப்போதோ ஒருவர் கிளம்பியிருக்கிறார் என்று கொள்ளலாம். ஆனால் தர்ப்பணத்தில்கூடத் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று பெயரோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு மேல் வாய்மொழியை நம்பினால் எல்லா வம்சமும் ஒரு பாளையக்காரரிடமோ ராஜாவிடமோ போய் முடியும். இது பெரும்பாலும் பொய்.

மூன்று தலைமுறைக்கு மேல் உறுதியாகப் போன பொன்னேரி வட்டத்துக் குடும்பங்களில் கணிசமானவை கடல் கடந்தவை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று வரி வரியாகப் பதிந்தார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! செங்கல்பட்டு ஜில்லா அந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிறது. இன்று டர்பனிலிருந்து வரும் ஒரு பேத்தி தன் மூதாதையின் நெற்றித் தழும்பு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடச் சொல்வாள். ஊரில் தங்கிவிட்ட அண்ணன் வழிப் பேரனுக்கு அவர் பெயரே தெரியாது.

இந்த ஏட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. குமாஸ்தாவின் காதில் விழுந்ததுதான் ஊர்ப்பெயர். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதத்தை நிரப்ப வேண்டியிருந்ததால், கூலிகளைக் கப்பலேற்றும்வரை வைத்திருந்த சென்னைக் கிடங்கிலேயே முன்பின் தெரியாத இருவர் புருஷன் பெண்டாட்டி என்று எழுதிக்கொண்டு ஏறியதும் உண்டு. அந்த மனைவியின் ஊரை வைத்துக் கணவன் ஊரை ஊகித்தால் தப்பாகப் போகும். நேட்டாலில் 1891-ன் சட்டப்படி இந்தியக் குடியேறிகளின் திருமணங்களை அவர்களுக்கென இருந்த பாதுகாவலர் அலுவலகம் பதிந்தது. பொன்னேரி மண்ணில் ஏடு காணாத கல்யாணம் கரும்புத் தோட்டத்தில் ஏடு கண்டது. பிறகு 1913 மார்ச் 14 அன்று கேப் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறையில் நடந்து பதிவான திருமணம் தவிர மற்றவை செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் பல்லாயிரம் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லாதவர்கள் ஆனார்கள். அந்த ஆத்திரத்தில்தான் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள், தில்லையாடி வள்ளியம்மையும் சிறை சென்றார். 1914-ன் இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தத் திருமணங்களுக்கு அங்கீகாரம் தந்தது. அப்படி அங்கீகாரம் பெறப் பதிந்துகொண்ட பதிவுகள் இன்று குடும்பம் தேடுபவர்களுக்குக் கைகொடுக்கின்றன.

ஊரோடு இருந்தவர்களுக்கு நிலம்தான் வழி. 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகிரை அளந்தபோது ஊர் ஊராக வீடுகளையும் தொழில்களையும் எண்ணினார். அந்தக் கணக்கில் உங்கள் ஊர் இருக்கும், உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் வெறும் ஒரு வீட்டு எண்ணிக்கையாக இருப்பார். மிராசு எனப்படும் பரம்பரை நிலப் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு, அவர்கள் நிலத்தில் உழைத்தவர்களுக்கு இல்லை. அதை ஓரளவு மாற்றியவர் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர். பறையர் மக்களின் நிலை பற்றி 1891-ல் அவர் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892-ல் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலம் ஒதுக்கத் தொடங்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஒப்படைப்புப் பதிவில் ஏறிய பெயர், பல தலித் குடும்பங்களுக்குத் தங்கள் வம்சத்தில் காகிதம் கண்ட முதல் பெயராக இருக்கக்கூடும். பறிபோன நிலத்தை மீட்கப் போராடுபவர்கள் இன்றும் அந்தப் பெயரிலிருந்து தங்கள் பெயர்வரை வாரிசு வரிசையை நிறுவ வேண்டியிருக்கிறது.

வம்சாவளி என்பது இங்கே பொழுதுபோக்கு இல்லை. சிப்காட், துறைமுகம், அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை விரிவாக்கம் என்று நிலம் கையகப்படுத்தப்படும்போதெல்லாம் தாசில்தார் அலுவலகத்தில் மரம் வரைந்தாக வேண்டும். பட்டா தாத்தா பெயரில் நிற்கும். தாத்தாவின் சாவு எந்த ஏட்டிலும் இராது. வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்று வேண்டும், இறப்பைத் தாமதமாகப் பதிய ஆர்.டி.ஓ. உத்தரவு வேண்டும். அப்போதுதான் எவரும் நினைத்துப் பார்க்காத அத்தைகள் பட்டியலுக்குள் வருகிறார்கள்.

பெண்ணின் கல்யாண நாளே சொத்தாகிவிட்ட கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று மாநிலச் சட்டம் சொன்னது, அந்த நாளுக்கு முன் கல்யாணமான மகளைத் தவிர. மார்ச் 24-ல் தாலி ஏறியவளுக்கு இல்லை, 26-ல் ஏறியவளுக்கு உண்டு. திருமணப் பதிவு கட்டாயமானதோ 2009-ன் சட்டத்துக்குப் பிறகு. அதனால் 1989-ன் கல்யாணத்தை நிரூபிக்கப் பத்திரிகையும் மொய் நோட்டும் கோயில் ரசீதும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. தகப்பன் அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பிரிந்த பாகத்தைத் தொட முடியாது. இன்னாரின் பேரன், இன்னாரின் மகன் என்று அச்சடித்து, சுற்றமும் நட்பும் வரிசை கட்டி நிற்கும் கல்யாணப் பத்திரிகையை நான் இந்த வட்டாரத்தின் தலைசிறந்த குடும்ப ஆவணம் என்பேன். மஞ்சள் தடவியதால் பூச்சிக்குத் தப்பியவையும் உண்டு.

நிலமும் இல்லாதவர்களைப் பிடித்தவர்தான் எழுதினார். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்கு அடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களில் பலவற்றுக்கு, 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் விடுதலைச் சான்றுதான் வாழ்க்கையின் முதல் காகிதம். பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று கேட்கப் போனால் அலுவலகம் தகப்பனின் சான்றைக் கேட்கும். தகப்பன் சூளையில் பிறந்து சூளையில் இறந்திருப்பார்.

கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாமிலும் இதே கதை, வேறு சட்டங்களில். 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத மலையகத் தொழிலாளர் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1964-ன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. 1983-க்குப் பிறகு கடல் வழியே வந்தவர்களுக்கு முகாமின் குடும்ப அட்டையே வம்சாவளி. பிறந்தால் ஒரு பெயர் ஏறும், செத்தால் ஒரு பெயர் போகும், கல்யாணமானால் ஓர் அட்டை இரண்டாகும், பணக்கொடை அதன்படி மாறும். இந்தியாவில் பிறந்த முகாம் பிள்ளைகளில் 1987 ஜூலை 1-க்கு முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்பது குடியுரிமைக்கே எல்லைக்கோடு. இங்கே பிறப்புச் சான்றைத் தொலைத்தவர் தொலைப்பது காகிதத்தை மட்டும் இல்லை.

இப்போது இன்னொரு கூட்டம் இந்த ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. சிப்காட்டின் உருக்காலைகளுக்கும் கட்டுமான வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் சிலர் இங்கேயே இறக்கிறார்கள். உடல் ரயிலிலோ விமானத்திலோ ஊருக்குப் போய்விடும், பதிவு நம் ஊரில் தங்கிவிடும். இறப்புப் படிவத்தில் இறந்தபோது இருந்த முகவரிக்கு ஒரு கட்டமும், நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டமும் தனித்தனியே உண்டு. இரண்டிலும் ஒப்பந்தக்காரரின் விடுதி முகவரியை எழுதிவிடுவது சுலபம். கஞ்சம் மாவட்டத்துக் கிராமத்தின் பெயரை ஒருவர் கேட்டு எழுதினால், ஐம்பது வருஷம் கழித்துப் பேரன் தேடி வரும்போது அது கும்மிடிப்பூண்டிப் பதிவில் கிடைக்கும்.